தொடர்பாக

அனுப்புநர் என்ற இடத்தில் ஐந்து பெயர்கள்.
கித்தேரியம்மாள், நம்புச்செல்வி, ஜுனைதா பேகம்,
பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு
ஓடிவந்த பாக்கியமேரி,
கடைசியாக நான்.
பத்தாவது வரை படித்ததால் பேனா என் கையில்.
ஊர்: பாம்பன், தெற்குவாடி.
கதவு எண் கேட்டிருந்தது.
போன புயலில் கதவு போய்விட்டது,
எண் இருக்கிறது. எழுதினேன்.

பெறுநர், மாவட்ட ஆட்சியர்.

பொருள் என்ற இடத்தில்தான் பேனா நின்றது.
'மீனவர் அடையாள அட்டை கோருதல் தொடர்பாக'
என்று எழுதத்தான் உட்கார்ந்தேன்.
நம்புச்செல்வி விரல்களை மேசையில் வைத்தாள்.
பாறை அறுக்காமலிருக்கச் சுற்றிய பழைய சேலைத்துணியை
இன்னும் அவிழ்க்கவில்லை. நைந்த நுனியில் கொஞ்சம் மணல்.
இதைப் பொருள்னு எழுதலாமா என்று கேட்டாள்.
எழுதினேன்.

பார்வை:
அலுவலகக் கடித எண் எதுவும் எங்களிடம் இல்லை.
கண்ணாடி மாட்டிக்கொண்டு முங்கினால் தெரிவது,
மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில்
இன்னும் விரல் நீளம் வளரவில்லை என்பது,
அதைத் தொடாமல் நகர வேண்டும் என்பது,
ஓராக்குஞ்சு ஒன்று
என் நிழலைப் பாறை என்று நம்பிக் கூடவே வருவது.
தாள் போதவில்லை.
பாக்கியமேரி மகன் நோட்டில் இரண்டு கிழித்தாள்.

ஐயா,
முயல்தீவுப் பக்கம் காவலர் வந்து
பையைப் பிடுங்கி
யாரைக் கேட்டு இறங்கினாய் என்றார்.
நிலவைக் கேட்டு என்று சொல்ல வந்தது.
வாயில் உப்புத் தண்ணீர்.
அதனால் இங்கே சொல்கிறேன்.

ஐயா,
வங்கிப் படிவத்தில் எனக்குத் தொழில் இல்லத்தரசி.
ஜுனைதாவும் அரசி. நம்புச்செல்வியும் அரசி.
விடிகாலை நாலு மணிக்கு ஒரே வத்தையில்
ஐந்து அரசிகள்,
காலில் கட்ட மூன்று சோடித் தகரத்தட்டு,
மாற்றி மாற்றிக் கட்டிக்கொள்கிறோம்.
கித்தேரியம்மாள் புருஷனிடம் அட்டை உண்டு.
பதினோரு வருடமாக அவர் கடலுக்குப் போவதில்லை,
திருப்பூரில் வாட்ச்மேன்.
தடைக்காலப் பணம் அவர் பெயரில் வருகிறது.
புகார் ஒன்றுமில்லை, நல்ல மனிதர்.
கடலுக்கு அவரை அடையாளம் தெரியுமா
என்பதுதான் சந்தேகம்.

இப்படிக்கு, உண்மையுள்ள.
கித்தேரியம்மாள் பெருவிரலை மையில் அழுத்தி வைத்தாள்.
ரேகை விழவில்லை, நீலப் பொட்டு மட்டும்.
ரேஷன் கடை மெஷினும் இப்படித்தான் முழிக்கும்.
பொட்டைச் சுற்றி அவள் பெயரை எழுதினேன்.

திங்கட்கிழமை வரிசை. ராமநாதபுரம்.
மின்விசிறி ஓடாத பந்தல்.
வாங்கியவர் முதல் தாளைப் படித்தார்,
மூக்குக்கண்ணாடியைத் துடைத்து
மறுபடி படித்தார்.
"இது மனு மாதிரி இல்லையேம்மா,
கவிதை மாதிரி இருக்கு."
திட்டுகிறாரா என்று தெரியாமல் நின்றோம்.
"கோரிக்கை எந்த இடத்துல இருக்கு?"
"படிச்சுக்கிட்டே வாங்க, வரும்" என்றாள் ஜுனைதா.
முத்திரையைக் குத்தினார்.
ஓராக்குஞ்சு மேல் விழுந்தது.

நாற்பத்தொன்றாம் நாள் பதில்.
மீன்வளத்துறை வனத்துறைக்கு அனுப்பியிருந்தது.
தங்கள் வரம்பில் வராது என்று வனத்துறை.
கடைசியில், மேல்நடவடிக்கைக்காக,
தமிழ் வளர்ச்சித் துறைக்கு.

அன்று இடுப்பளவுத் தண்ணீரில் நின்று
வாடைக்காற்றை மிஞ்சக் கத்தி
மனப்பாடமாகச் சொல்லிக் காட்டினேன்.
பாக்கியமேரி முங்கியபடியே சிரித்ததில்
கண்ணாடிக்குள் கடல் புகுந்து
இருமி இருமி எழுந்தாள்.

நம்புச்செல்வி மட்டும் சிரிக்கவில்லை.
பையின் வாயை இறுக்கிக் கட்டிவிட்டுச் சொன்னாள்:
"அடுத்த மனுவுல
பொருளை முதல்லயே போட்டுடாத.
கடைசி வரைக்கும் படிக்கட்டும்."