தொழாத பிறை

எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் இல்லை.
தாலியான் துறைமுகத்துக் குளிர்காற்று
படிக்கட்டுவரை ஏறிவந்து திரும்பும்.
மூன்றாம் மாடி லுவான் தபாவ்
இரண்டாம் திருப்பத்தில் நின்றுவிடுவார்,
செல்போனில் ஏதோ பார்ப்பதுபோல.
திரை இருண்டிருக்கும்.

இருபத்திரண்டு வருடம் கடலட்டை பொறுக்கியவர்.
முப்பது மீட்டர் ஆழத்தில் குனிந்து குனிந்து,
பை நிறைந்ததும் அவசரமாய் மேலே.
அந்த அவசரத்தில் ரத்தத்தில் நுரைத்த காற்று
தொடையெலும்பின் தலைக்குப் போகும்
மயிரிழை நாளங்களை அடைத்துவிட்டது.
சோடாப் புட்டி திறந்த மாதிரி
என்றாராம் டாக்டர்.
இவர் சிரித்தாராம்.

எலும்பு சாகும்போது சத்தம் போடாது.
வெகுநாள் கழித்து வலிதான் வந்து
சாவுச் செய்தி சொன்னது.
எக்ஸ்ரேயில் வலது இடுப்பில்
மெல்லிய கறுப்புக் கீற்று.
பிறை என்றே அதற்குப் பெயர்.
யாரும் தொழாத பிறை.
வளர்ந்தால் கூரை இறங்கும்.

நான் ஆய்வகத்தில் முயல் பார்க்கிறவள்.
"உங்கள் முயல்கள் எப்படி?" என்பார் படியில்,
பக்கத்து வீட்டுப் பிள்ளைகளின்
பரீட்சையை விசாரிப்பதுபோல.
சொல்வேன்:
முயலின் மஜ்ஜையை உறிஞ்சி எடுத்து
என்னவாக ஆவதென்று இன்னும்
முடிவெடுக்காத செல்களைப் பிரித்து
பல் பிடுங்கிய பாம்பாய் ஒரு வைரஸின் முதுகில்
ஒரு மரபணுவை ஏற்றி உள்ளே விடுகிறோம்.
ஒரே ஒரு வாக்கியம் அது.
"என்ன வாக்கியம்?"
ரத்தமே, இப்படி வா.
"அவ்வளவுதானா?"
அவ்வளவுதான். பிறகு
செத்த எலும்பில் துளையிட்டு
அந்த முயலுக்கே திருப்பிக் கொடுக்கிறோம்.
"கடனை அடைப்பதுபோல."
வட்டியோடு, என்றேன்.

அந்த எலும்பை ஸ்டீராய்டு போட்டுக்
கொன்றவர்களும் நாங்கள்தான்.
அதைச் சொல்லவில்லை.

வாய்தவறி ஒருநாள் எண்ணைச் சொல்லிவிட்டேன்.
அன்றிலிருந்து பதினேழு அவருடைய முயல்.
"பதினேழு நடக்கிறதா?"
நடக்கிறது.
"எவ்வளவு தூரம்?"
கூண்டின் நீளம். மூன்றடி.
"பரவாயில்லை" என்று
அடுத்த படிக்குக் காலைத் தூக்கினார்.

இருபத்துமூன்றுக்கு வெறும் உப்புநீர்.
அதைப் பற்றி அவர் கேட்டதேயில்லை.
ஒப்பிட்டுப் பார்க்க ஒன்று வேண்டுமே,
ஆகவே அது நொண்டியது.

பன்னிரண்டாம் வாரம்
இரண்டுக்கும் ஒரே ஊசி.
குணமானதை நிரூபிக்க வேறு வழியில்லை.
பதினேழின் காதுமடல் என் கையில்
சூடு தணிய நேரமெடுத்தது.
எலும்பைச் சீவி, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் வைத்தால்
குழிக்குக் குழி கத்தரிப்பூ நிறத்தில் ஒரு புள்ளி,
குடிவந்த வீடுகள்.
இருபத்துமூன்றில் குழிகள் இருந்தன.
ஆளில்லை.

அந்த மாதமே அவர் பிறை உடைந்தது.
உலோகம் வைத்தார்கள்.
வெட்டியெடுத்த எலும்புத் தலைகள்
கையெழுத்துப் போட்டுத் தந்தவர்களிடமிருந்து
எங்களிடம்தான் வரும்.
செவ்வாய்க்கிழமை மூன்று டப்பாக்கள்.
பெயர் ஒட்டமாட்டார்கள்.
மூன்றையும் ஒரே மாதிரி சீவினேன்,
ஒரே மாதிரி பார்த்தேன்.
மூன்று ஊரும் காலி.
எந்த ஊர் கடலுக்கடியில் இருந்ததென்று
சொல்லத் தெரியவில்லை.

நேற்று இரண்டாம் திருப்பத்தில்
நிற்காமல் என்னைத் தாண்டிப் போனார்,
பிறகு திரும்பி நின்றார்.
"பதினேழு?"
சொன்னேன்.
கைப்பிடிக் கம்பியை
விரலால் கொஞ்சநேரம் துடைத்தார்.
"நடந்ததல்லவா?"
நடந்தது.
"அடுத்தது எப்போது?"
வசந்தத்தில். இம்முறை ஆடுகள்.
"ஆடு கனம்" என்றார்,
விலை பேசுகிறவர்போல யோசித்து.
ஆமாம், அதற்காகத்தான்.

இடது இடுப்பை உள்ளங்கையால் தட்டினார்.
அங்கே பிறை இன்னும் தோன்றவில்லை,
வானம் மட்டும் இருட்டியிருக்கிறது.
"இதற்கு அவசரமில்லை.
நீங்கள் ஆடுகளை
மெதுவாகப் பாருங்கள்."