ராத்திரி ஷிப்ட்

காலுறையையும் கழற்று,
இரண்டு கைப்பிடியையும் விடாமல் பிடி என்றாள் தாதி.
செபராங் ஜெயா மருத்துவமனை, மூன்றாம் மாடி.
உள்ளங்காலில் சில்லென்று இரும்பு.
உடம்புக்குள் மின்சாரம் ஓடுமாம், தெரியாதாம்.
தெரியவில்லைதான்.
வரிசையில் பின்னால் நின்ற பெண்
என் முதுகைப் பார்த்தது தெரிந்தது.

காகிதம் வந்தது.
பெயர் கவிநேசன், வயது பதினாலு.
அதற்குக் கீழே என்னைப் பிரித்து எழுதியிருந்தார்கள்:
தண்ணீர் இவ்வளவு, எலும்பு இவ்வளவு,
வலது கை, இடது கை, நடு உடம்பு.
கொழுப்பு முப்பத்தோரு கிலோ.

உனக்குக் கொழுப்புடா என்று
நாலாம் ஆண்டிலேயே சொல்லிவிட்டார் கணக்கு வாத்தியார்,
மெஷின் இல்லாமல்.

தங்கை யாழிசை இருபத்து மூன்று கிலோ.
லிஃப்ட் கெட்டுப்போகும் நாளில்
அவளை ஐந்தாம் மாடிவரை தூக்கிப்போவேன்.
அதற்குமேல் இறக்கிவிட்டு
இரண்டு பேரும் மூச்சு வாங்குவோம்.
இறக்கிவிட முடியாத இன்னொருத்தியையும்
சேர்த்துத்தான் சுமந்திருக்கிறேன் இத்தனை நாளும்.

பிறகு இருட்டறை. குளிர்ந்த ஜெல்.
விலாவுக்குக் கீழே வலப்பக்கம் அழுத்தி
மூச்சை இழு, நிறுத்து, நிறுத்து என்றார் டாக்டர்.
திரையில் என் கல்லீரல்
புகைமூட்ட நாளில் பினாங்குப் பாலம் மாதிரி
வெள்ளையாக, ஓரம் தெரியாமல்.
பக்கத்தில் சிறுநீரகம்
முதல் பெஞ்சுப் பையன்போல் பளிச்சென்று கறுப்பாக.

ஹாத்தி பெர்லெமாக் என்றார்.
லெமாக், நாசி லெமாக்கில் வருகிற அதே லெமாக்.
ஹாத்தி என்றால் ஈரல்.
மலாயில் மனசுக்கும் அதுதான் சொல்.
அம்மாவுக்கு இரண்டில் எது கேட்டதோ,
கைப்பையை மடியோடு இறுக்கிக்கொண்டாள்.

வலின்னு ஒருநாளும் சொன்னதில்லையே இவன்.

வலிக்காது என்றார்.
அது வாய் திறக்காமல் வேலை பார்க்கும் உறுப்பு.
சின்ன வயசு, சரியாகிவிடும்,
சீனித் தண்ணீரை நிறுத்தட்டும்,
ஆறு மாதம் கழித்து வாருங்கள்.

பஸ்ஸில் யாரும் பேசவில்லை.
பிறை தாண்டும்போது அம்மா தூங்கிவிட்டாள்,
வாய் லேசாகத் திறந்திருந்தது.

மாலை ஏழிலிருந்து காலை ஏழு வரை
பாயான் லெப்பாஸில், பேக்கிங் செக்‌ஷனில்
அவள் பெட்டி அடுக்குவாள்.
அந்நேரம் ஐஸ் மைலோ கட்டை உறிஞ்சிக்கொண்டு
மேகி கோரெங் இரண்டாவது தட்டோடு
நான் போனில் யாரையோ சுட்டுக்கொண்டிருப்பேன்.
எனக்குள்ளும் ஒருத்தி அடுக்கியிருக்கிறாள்.
வந்த சீனியையெல்லாம் கொழுப்பாகக் கட்டி,
கிடங்கு நிறைந்து, நடைவழி நிறைந்து,
ஓவர்டைம் கேட்காமல்,
விடியும்வரை.

அன்றைக்கும் ஷிப்ட் இருந்தது.
ஃபிரிட்ஜ் காந்தத்தின் அடியில்
பத்து ரிங்கிட் வைத்தாள்.
எடுத்தாள். ஐந்து வைத்தாள்.
பசிக்குமே என்று தனக்குத்தானே சொல்லி
மறுபடி பத்தையே வைத்தாள்.
வெள்ளரிக்காய் ஒன்றை வெட்டி
அதன்மேல் தட்டைக் கவிழ்த்தாள்.

ஒன்பதாம் மாடியிலிருந்து பார்த்தேன்.
கம்பெனி பஸ் வருவதற்குள்
முனைக்கடையில் நின்று தே தாரிக் கட்டு வாங்குகிறாள்,
இரவு முழுக்க விழித்திருக்க.

ம்மா, கூராங் மானிஸ்!
சீனி கொறச்சுப் போடச் சொல்லு!

கேட்டிருக்காது.
அண்ணாந்து பார்த்துக் கையை மட்டும் ஆட்டினாள்,
உள்ளே போ, போய்ச் சாப்பிடு
என்பதுபோல.