சைக்கிள் ரியூப்

முதலில் யன்னலோரம் இருந்தான்.
தண்டவாளம் தெரிகிற யன்னல்.
காங்கேசன்துறை ரயில்
கோண்டாவிலில் வேகம் குறைக்கும்போது
நான் ஏற்றிவிட்ட பின்னங்கள் எல்லாம்
அவன் தலையிலிருந்து இறங்கிவிடும்.

சுவரோரம் மாற்றினேன்.
சுவரில் பல்லி.
முன்வரிசைக்குக் கொண்டுவந்தேன்.
அங்கே என் சேலைக் கரை, வெண்கட்டித் தூள்,
என் மணிக்கூட்டுக் கண்ணாடியில் பட்டுக்
கூரையில் ஓடும் வெளிச்சம்.
அதைப் பிடிக்க எழும்பியதில் கதிரை சரிந்து
நிதுர்சனாவின் காலில் விழுந்தது.

சாருஜன், இரு.
சாருஜன், இரடா.
ஒரு பாடத்தில் பதினேழு தரம் சொல்லியிருக்கிறேன்.
எண்ணியது நானில்லை.
கடைசி வரிசை அபிராஜ்
கொப்பியின் பின்பக்கத்தில் கோடு போட்டு வைத்திருந்தான்,
நான் படிப்பித்த மாதிரியே
ஐந்தைந்தாகக் கட்டி.

அமலதாஸ் சேர் சொன்னார்:
"எங்கட காலத்தில உதுக்கு ஒரு பிரம்பு காணும்."
அந்தப் பிரம்பை எனக்கும் தெரியும்.
அடி விழுகிற கையை
எவ்வளவு தளர்த்தி வைக்கவேண்டும் என்பதை மட்டும்
அது நன்றாகப் படிப்பித்தது.

ஒரு சனிக்கிழமை பயிற்சிக்குப் போனேன்.
கவனக் குறைபாடு என்று திரையில் எழுதியிருந்தார்கள்.
நிறைகுடம் தளும்பாதாம்.
ஓடுகிற குடத்தை அவர்கள் பார்க்கவில்லை.

திங்கள், பத்துக் கணக்கிருந்த தாளை மடித்துக் கொடுத்தேன்.
ஒன்று மட்டும் தெரியும்.
முடித்தால் ஒரு மடிப்புத் திறக்கலாம்.
மூன்று திறந்தான்.
நாலாவதில் தாள் விமானமாய்ப் போயிற்று.
அடுத்த நாள் தடித்த மட்டையில் எழுதினேன்.

இடாப்பை அலுவலகத்துக்குக் கொண்டுபோவது இனி அவன் வேலை.
நாலு நிமிச வழி. பதினொன்று எடுப்பான்.
ஆனால் வந்தால் இருப்பான்.

ரயில் வரும் நேரம் வகுப்பே எழும்பிப்
பெட்டிகளை எண்ணும்; பிறகு இருக்கும்.
புதுக் கணக்கை ரயிலுக்கு முன்னமே சொல்லிவிடுவேன்.

பெயர் சொல்லிக் கூப்பிடுவதை விட்டேன்.
அவன் மேசை மூலையில் விரலால் இரண்டு தட்டு.
எங்கள் இரண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த சங்கதி
என்று நினைத்திருந்தோம்.
ஒருநாள், பணிப்பாளர் வருகையை யோசித்தபடி
பாதிக் கணக்கில் நான் நின்றுவிட,
வகுப்பு முழுக்கத் தட்டியது,
இரண்டு தரம்.

கதிரையின் முன்கால்கள் இரண்டையும் சேர்த்துப்
பழைய சைக்கிள் ரியூப் துண்டொன்று கட்டினேன்.
உதைப்பான், இழுப்பான், மிதிப்பான்.
கால் ஓடியது. தலை இருந்தது.

எல்லா நாளும் இல்லை.
எனக்கு நித்திரை இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை
கத்திவிட்டேன், பக்கத்து வகுப்பும் அடங்க.
அவன் அழவில்லை.
குனிந்து ரியூப்பை அவிழ்த்து
என் மேசையில் கொண்டுவந்து வைத்தான்,
கடன் திருப்புகிறவனைப் போல.

திரும்பக் கட்டும்போது எனக்கு முடிச்சு வரவில்லை.
விரலை வைத்து
அவன்தான் அழுத்திப் பிடித்தான்.

நேற்று அது அறுந்துபோயிற்று.
சந்திச் சைக்கிள் கடையில் கேட்டேன்.
"இருபத்தாறா, இருபத்தெட்டா ரீச்சர்?"
"கதிரைக்கு."
அவர் என்னைப் பார்த்தார்.
படியில் தட்டிக்கொண்டிருந்த என் காலையும் பார்த்தார்.
"எத்தினை துண்டு?"

ஒன்று என்று வாயெடுத்தேன்.
நிதுர்சனா தனக்கும் வேணுமென்றாள்.
அபிராஜும் கேட்டிருக்கிறான்.

"நாலு" என்றேன்.