எட்டுப் பியானோ

பதினான்காயிரத்து எண்ணூறு குரோனர்.
மூன்று வாரம், தினம் ஐந்து மணிநேரம்,
வகுப்புக்கு எட்டுப் பேருக்கு மேல் இல்லை.
காபி இலவசமாம்.

என் கணக்கு வேறு நாணயத்தில்.
ஒரு பியானோவுக்குச் சுருதி கூட்ட
ஆயிரத்து எண்ணூற்று ஐம்பது.
ஆக, எட்டுப் பியானோ.
எட்டு வாசலில் பனி ஒட்டிய காலணியைக் கழற்றி
இருநூற்றுச் சொச்சம் தந்திகளை
எட்டுத் தடவை முறுக்கித் தளர்த்தி முறுக்கி.
பெட்ரோலும் வரியும் கழித்தால்
பன்னிரண்டு பியானோ.
பாத்ரி கழித்துத்தான் பார்ப்பான்.

"நகராட்சி வகுப்பு சும்மாதானே" என்கிறான்.
சும்மாதான்.
செவ்வாயும் வியாழனும் மாலை ஆறு மணிக்கு.
செப்டம்பரிலிருந்து மூன்று ஆசிரியர்கள் மாறிவிட்டார்கள்.
மூவரும் முதல் பாடத்திலிருந்து தொடங்கினார்கள்.
என் பெயர் எத்தெரி.
நான் குத்தாயிசியிலிருந்து வருகிறேன்.
நான் பியானோக்களைச் சரிசெய்கிறேன்.
மூன்று முறை, மூன்று பேரிடம், அழகாகச் சொல்லிவிட்டேன்.
நாலாவது வாக்கியம்
இன்னும் யாரும் தரவில்லை.

நாக்கைக் குறை சொல்ல முடியாது.
ஓர் உயிரெழுத்தும் இடையில் வராமல்
எட்டு மெய்யை வரிசையில் நிறுத்துகிற
ஜார்ஜிய நாக்கு இது.
காதையும் சொல்ல முடியாது.
இங்கே ஒரே சொல்லை
ஒரு மாதிரி ஏற்றி இறக்கினால் வாத்து,
இன்னொரு மாதிரி இறக்கினால் ஆவி.
வகுப்பே விழித்தது.
எனக்கு மட்டும் இரண்டும் தனித்தனியாகக் கேட்டது.
எது வாத்து, எது ஆவி
என்பதுதான் தெரியவில்லை.

கடையில், வங்கியில், மருந்தகத்தில்
நான் வாயைத் திறந்ததும்
ஆங்கிலத்துக்கு மாறிவிடுகிறார்கள்,
கை நிறையப் பையோடு வருகிறவளுக்குக்
கதவைப் பிடித்து நிற்பதுபோல்.
அவ்வளவு மரியாதை.
உள்ளே போனால் அது வேறு யார் வீடோ.

போன மாதம் ஹோல்ம்சுண்டில் ஒரு வீடு.
பன்னிரண்டு வருடமாகத் திறக்காத பியானோ;
கட்டைகளுக்கு அடியில்
ஒரு சீட்டுக்கட்டு ராணி, ஒரு பால்பல்.
பல்லைத் துடைத்து அந்தப் பெண்ணின் கையில் வைத்தேன்.
ஹெல்மி என்று பெயர்.
அவள் ஆங்கிலத்துக்கு மாற மறந்துவிட்டாள்.
நின்றபடியே பேசினாள், நெடுநேரம்,
ஏதோ ஒரு பெயர் ஐந்தாறு தடவை வந்து போனது,
நடுக்கட்டைக்குக் கீழே சரிந்து சரிந்து
குரல் ஓர் இடத்தில் அறுந்தது.
சுருதி எவ்வளவு இறங்கியது என்று
என்னால் துல்லியமாகச் சொல்ல முடியும்.
"தாக்" என்றேன்.
நன்றி.
அந்த இடத்தில் சொல்லக்கூடாத ஒரே சொல்
அதுவாகவும் இருக்கலாம்.

இன்று இரண்டரை மணி, வெளியே இருட்டு.
பயிற்சி நிலையத்துக்குப் போன் போட்டேன்,
இரண்டு தவணையாகக் கட்டலாமா என்று மட்டும் கேட்க.
எழுதி வைத்துப் படித்தேன்.
கட்டலாம் என்றாள் இல்வா என்கிற பெண்.
பிறகு மெதுவாக,
"அப்போ உங்க பேரைப் போட்டுடலாமா?"

புரிந்தது. முழுவதும் புரிந்தது.
எட்டுப் பியானோவும் நெஞ்சில் ஏறி நின்றன.
யோசித்துச் சொல்கிறேன் என்பதற்காக
உதட்டைக் குவித்து
மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தேன்.

"நல்லது" என்றாள்.
விசைப்பலகை தடதடத்தது.

இந்த வடக்கில்
ஆமாம் என்பதை அப்படித்தான் சொல்கிறார்கள்.
உயிரும் இல்லாமல் மெய்யும் இல்லாமல்
உள்ளே போகும் ஒரு காற்று.
ஒன்றரை வருடமாகக் கேட்டிருக்கிறேன்,
யாருக்கோ ஆஸ்துமா என்று நினைத்திருக்கிறேன்.

பில் தபாலில் வரும். முப்பது நாள் கெடு.
மன்னிக்கவும், நான் சொல்ல வந்தது அது இல்லை,
இன்னும் முடிவெடுக்கவில்லை என்று
திரும்பக் கூப்பிட்டுச் சொல்லலாம்தான்.
ஆனால் அது
நாலாவது வாக்கியம்.

பாத்ரி மீன் பொரித்துக்கொண்டிருக்கிறான்.
"சேரப் போறியா, இல்லையா?"
மறுபடி அதே மாதிரி இழுத்துக் காட்டினேன்.
பெருமூச்சு என்று எடுத்துக்கொண்டு
என் தட்டில் பெரிய துண்டை வைத்தான்.