இன்னும் இரண்டு

நாட் விமானம், எழுபத்திரண்டில் ஒன்று.
இடது இறக்கை ஒட்டியதோடு சரி.
மூன்று வருஷமாக ஃபிரிட்ஜ் மேல்,
கேஸ் புத்தகத்துக்கு அடியில்.

இரும்பாலையில் நைட் ஷிஃப்ட்.
விடிந்தால் பால், ஸ்கூல் வேன், கரண்ட் பில்.
பசைக்குழாயின் வாய் கல்லாகிவிட்டது.

போன ஆடியில் விமானியும் தொலைந்தான்,
புளியங்கொட்டை அளவு ஆள்,
முகத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்திருந்தேன்.
போதுமென்று பெட்டியைக் கட்டினேன்.

இன்று ஷேவ் செய்யும்போது பார்க்கிறேன்:
கண்ணாடி ஓரத்தில்
பரிமளாவின் ஸ்டிக்கர் பொட்டுகளுக்கு நடுவே
ஒரு பொட்டில் ஒட்டி உட்கார்ந்திருக்கிறான்.
"பெருக்கறப்ப கெடச்சான். சொல்ல மறந்துட்டேன்."

வேன் வரப் பத்து நிமிஷம்.
பசைக்குழாயை ஊக்கால் குத்தினேன்.
ஒரு சக்கரத்தைத் தேய்த்து ஒட்டினேன்.
கஞ்சமலை மேல் தாழ்ந்து
கமலாபுரம் போகிறது ஒரு விமானம்.

போகட்டும்.
எனக்கு இன்னும் இரண்டு சக்கரம்.