நானூற்றுப் பதினேழு

அலாரம் நானூற்றுப் பதினேழு என்றால்
எண்ணெய் அழுத்தம் குறைவு.
இந்த ஒரு வரியை
ஒன்பது தடவை மறந்திருக்கிறேன்.

ஓசூர் சிப்காட்டில், கேண்டீனுக்கு மேலே பயிற்சி அறை.
புது மெஷினுக்கு ஆறு பேரை எடுத்தார்கள்.
திரையில் எழுத்துகள்
கெலமங்கலம் பஸ்ஸின் போர்டு மாதிரி
படித்து முடிப்பதற்குள் திரும்பிப் போய்விடும்.

"முப்பத்தொன்பது ஆச்சு, இனிமே எங்க ஏறும்?"
சூப்பர்வைசர் சிரித்துக்கொண்டேதான் கேட்டார்.
நானும் சிரித்தேன்.
சிரித்ததற்கே மூச்சு வாங்கியது.
யாரும் கவனிக்கவில்லை, நான் உட்பட.

அபினேஷுக்கு இருபத்திரண்டு.
கடைவாய்ப் பல் வீங்கிய வாரம்
கேட்டில் தன் பைக் நம்பரையே தப்பாகச் சொன்னான்.
அவனிடம் வயசைப் பற்றி யாரும் பேசவில்லை.

திம்மராயப்பாவுக்கு ஓய்வுக்கு இன்னும் பதினாலு மாதம்.
ஒரு பக்கத்துக்கு அவருக்கு மூன்று நாள் வேண்டும்.
நாலாம் நாள் கேட்டால்
கமா முதற்கொண்டு ஒப்பிப்பார்.
ராத்திரி ஷிஃப்ட் வாரத்தில் மட்டும்
சொல் பாதியில் நின்றுவிடும்.
தெலுங்கில் தேடி, கன்னடத்தில் தேடி,
கடைசியில் கையால் காட்டுவார்.

சூளகிரி ஆரம்ப சுகாதார நிலையம்.
விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு.
"ஏழு புள்ளி நாலு. பன்னிரண்டு இருக்கணும்மா."
ரேஷன் கடையில்
சர்க்கரை வரவில்லை என்று சொல்வது போலச் சொன்னாள் நர்ஸ்.
இந்த எண் மட்டும் மறக்கவேயில்லை.

பகலெல்லாம் இரும்பைத் துளைக்கிறேன்,
இரவில் இரும்பைத் தின்கிறேன்.
நாக்கில் துரு.
சாப்பிட்டதும் டீ கூடாதாம்,
அதுதான் கஷ்டம்.

ஏழாவது வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை,
கைப்பிடியைப் பிடிக்காமல்
நடைமேம்பாலப் படியேறிக்கொண்டிருந்தேன்.
எந்த மெஷினும் கத்தவில்லை,
யாரும் கேட்கவில்லை,
'எண்ணெய் அழுத்தம் குறைவு'
தானாக வந்து நின்றது,
வீட்டுச் சாவியைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் போல.
கீழே லாரிகள் பெங்களூருக்குப் போய்க்கொண்டிருந்தன.
நின்று பார்த்தேன். மூச்சு வாங்க அல்ல, சும்மா.

போன வாரம் மறுபடி மறந்தேன்.
பத்தாவது தடவை.
அடிவயிற்றில் இரண்டாம் நாள் வலி.
காலண்டரைப் பார்த்தேன்.
என்னைத் திட்டவில்லை.
திம்மராயப்பா கையால் காட்டினார்:
உள்ளங்கையைக் கவிழ்த்து
மெல்லக் கீழே
இறக்கினார்.