தக்காளிப் பெட்டிக் கோட்டை

முதல் வருசம், எழுபத்து மூணு மாசி,
கோட்டைக்குக் கதவே இல்லை.
ரெண்டு மாட்டுவண்டியை நிமிர்த்தி
சாக்குக் கட்டிக் கரி பூசினார்கள்.
கணக்கு நோட்டில் இருக்கிறது:
சாக்கு பதினொன்று. கரி இனாம்.

வசனம் எடுத்துக்கொடுக்க நான் வந்தது எண்பத்தொன்றில்.
முந்தி இருந்தவன் ஓசூர் லாரிக் கம்பெனிக்குப் போய்விட்டான்,
நாலாம் காட்சியைக் கையோடு கொண்டு.
இன்றுவரை எங்கள் நாடகத்தில்
மூன்றுக்குப் பிறகு ஐந்து.

அப்புறம் பெட்டிகள் வந்தன.
ராயக்கோட்டை மண்டியில் ஒரு ராத்திரிக்கு இரவல்;
முந்நூறு அடுக்கினால் மதில்.
விடிகாலை நாலுக்குள் திருப்பித் தரணும், ஏலம்.
வெள்ளைக்காரன் எத்தனை மணிக்குப் பிடித்தானோ,
எங்கள் கோட்டை மூன்றே முக்காலுக்கு விழும்.
அசல் கோட்டை பின்னால்
மலைமேல் இருட்டில் சும்மா கிடக்கும்.

கதவைத் திறந்துவிடும் காவல்காரனுக்கு
நாடகத்தில் பேர் கிடையாது. வசனம் ஒன்றுதான்:
"சரி, துரை."
அந்த வேசத்துக்கு ஆள் சிக்காது.
மறுநாள் டீக்கடையில் கேட்பார்கள்,
"என்னப்பா, எவ்வளவுக்கு வித்தே?"
முனிவெங்கடப்பன் மட்டும் பதினாறு வருசம் கட்டினான்.

தொண்ணூற்றெட்டு. கிலோ நாற்பது பைசா.
அன்று காலைதான் ஒரு டெம்போ தக்காளியைக்
கெலமங்கலம் ரோட்டில் கொட்டிவிட்டு வந்திருந்தான்.
துரை வேசத்தில் ரவூஃப் பாய், பகலில் மண்டித் தரகர்,
பித்தளைப் பொத்தான் ஆறு போட்ட பையை நீட்டினார்.
வாங்கிக் குலுக்கிப் பார்த்தான்.
"பத்தாது" என்றான்.

நான் டார்ச் அடித்தேன். சரி துரை, சரி துரை.
என் பக்கம் திரும்பவில்லை.
சனம் சிரித்தது. அப்புறம் சிரிக்கவில்லை.
ரவூஃப் பாய்க்குத் தெரிந்தது ஒன்றுதான்:
சிவப்புக் கோட்டுக்குள்ளிருந்து துண்டை உருவி
அவன் கையை மூடி, உள்ளே விரல் பிடித்தார்.
துண்டு அசைந்தது. நின்றது. அசைந்தது.
படியவில்லை.

நாலானது. சுமைக்காரர்கள் வந்து
மதிலைப் பெட்டி பெட்டியாகப் பிரித்துக்கொண்டு போனார்கள்.
இரண்டு பக்கமும் வெட்டவெளி,
நடுவில் கதவு மட்டும் சாத்தியபடி;
அதில் சாய்ந்து பீடி பற்றவைத்தான்.

நோட்டில் எழுதினேன்:
ஜெனரேட்டர், அரைமணி கூடுதல், முப்பது ரூபாய்.
வேறென்ன எழுதுவதென்று தெரியவில்லை.

இப்போது அந்த வேசத்துக்குத்தான் போட்டி.
"பத்தாது" வரும்வரை ஒரு குழந்தையும் தூங்குவதில்லை.

துண்டுக்குள் பேசிய விலையை
இரண்டு பேரும் சொன்னதில்லை.
போன வருசம் ரவூஃப் பாயை அடக்கம் செய்துவிட்டுத் திரும்பும்போது
முனிவெங்கடப்பனிடம் கேட்டேன்.
மூன்று விரலை நீட்டினான்,
அவற்றையே கொஞ்சநேரம் பார்த்தான்,
மடக்கிக்கொண்டான்.